வாய்க்கால் மந்திரியும் வயல் டீச்சரும்

14

அலாரம் அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதே மூத்த மருமகளுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. தட்டாமல் என்ன செய்யும்? நேற்றுச் சாயங்காலம் அவள் செய்துவிட்டு வந்து படுத்திருந்த காரியம் அப்படி.

அது என்ன காரியம் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், நடுவில் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வந்த மறு வருஷமே மாமனாருக்கு முழங்கால் மடங்காமல் போயிற்று. மூத்த மகனுக்கு டிராக்டர் ஓட்டத்தான் நேரம். ஆகவே ஆறு நெல்வயலுக்கும் தண்ணீர் கட்டுகிற வேலை இவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் கிரீடமாக எடுத்து வைத்துக்கொண்டாள். எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று பக்கத்து வயல்காரர்கள்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்குவார்கள். 'வாய்க்கால் மந்திரி' என்று பேர் வைத்தவர் மாமனார். வாசலில் யாராவது வந்து நின்று "மந்திரி இருக்காங்களா?" என்று கேட்டால், உள்ளே இருந்தபடியே இவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சின்னவள் வந்து ஆறு வருஷம். வந்த புதிதில் வரப்பில் நடக்கத் தெரியாமல் மூன்று தடவை சேற்றில் உட்கார்ந்தவள். மூன்று தடவையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டவள் மூத்தவள்தான்.

இந்த வருஷம் விவசாயப் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிர் செய்கிற முறையால் வானத்துக்குப் போகிற சூட்டு வாயுவைக் குறைக்கக் கற்றுத் தருகிறோம், வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள் என்று. மூத்தவள் மனசுக்குள்ளேயே பெட்டியைக் கட்டிவிட்டாள். மாமனார் என்ன சொன்னார் தெரியுமா? "மந்திரி மூணு மாசம் போயிட்டா வயலுக்கு யாரு தண்ணி கட்டுறது? சின்னவ சும்மாதானே இருக்கா, அவ போகட்டும்."

சும்மா இருந்தவள் போனாள், டீச்சராகத் திரும்பி வந்தாள்.

வந்தவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடம் சொன்னாள். வயலில் ஓயாமல் தண்ணீர் நின்றால் அடியில் சேறு காற்றில்லாமல் புளிக்கிறது. அதிலிருந்து மீத்தேன் என்ற வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறது. நடுநடுவே காயவிட்டால் மண் மூச்சு விடும், வாயு குறையும், விளைச்சல் குறையாது. எவ்வளவு காயவிடலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு குழாய். முழங்கை நீளம், பக்கமெல்லாம் துளை, வயலில் பாதிக்கு மேல் புதைத்து உள்ளே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மண்ணுக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மடை திறக்க வேண்டும்.

மாமனார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மூத்தவள் அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த உருட்டலில் பாடத்தின் பாதி அவள் காதில் விழவில்லை. அந்தக் குழாயை எட்டிப் பார்ப்பதில்லை என்று சபதம் வேறு எடுத்துக்கொண்டாள்.

நடவு முடிந்த கையோடு ரோட்டோரம் இருக்கிற கீழ்வயலை மாமனார் சின்னவளிடம் ஒப்படைத்தார். "மந்திரி, நீ இந்தப் பக்கம் வராதே, இது டீச்சர் இலாகா" என்று சிரித்தார். சிரித்தது அவர், வயிறு எரிந்தது இவளுக்கு.

கதை இவ்வளவுதான். இப்போது நேற்றுச் சாயங்காலத்துக்கு வருவோம்.

சின்னவள் பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் முப்பது விவசாயிகள் கீழ்வயலைப் பார்க்க வருகிறார்கள், பயிற்சி அதிகாரியும் வருகிறார். எல்லாம் சரியாக இருந்தால் வாய்க்கால் பாயும் அத்தனை வயல்களுக்கும் சின்னவள்தான் பயிற்சியாளர். தொப்பி, பை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் கிடைக்கும். மந்திரியைக் கேட்ட ஜனமெல்லாம் இனிமேல் டீச்சரைக் கேட்கும்.

மூத்தவள் கீழ்வயல் வரப்பில் போய் நின்றாள். ஒன்பது நாளாகத் தண்ணீர் பார்க்காத வயல். மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. ஆனால் பயிர் வாடவில்லை, தூர் கட்டிக்கொண்டு பச்சைப்பசேல் என்று நின்றது. வாடியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாடாததுதான் தாங்கவில்லை.

"ஐயோ பாவம், தாகத்துல தவிக்குது" என்று வாய் சொன்னது. கை போய் நீல நைலான் கயிற்றை அவிழ்த்து மடைப்பலகையைத் தூக்கிவிட்டது. அரைமணி நேரம் தண்ணீர் சலசலவென்று பாய்ந்தது. பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. பலகையை இறக்கினாள். நைலான் கயிறு வாய்க்காலோடு போயிருந்தது. இடுப்பில் செருகியிருந்த சாக்குக் கிழிசலை எடுத்து வழக்கம்போல் இறுக்கிக் கட்டினாள். வடிகாலைத் திறந்து, மேலே நின்ற தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டாள். மண் ஈரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பனியில் நனைந்தது என்று நினைத்துக்கொள்ளட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?

குழாய்க்குத் தெரியும். அதுதான் அவள் காதில் விழாமல் போன பாதி.

*

காலையில் வீடு கல்யாணக் களை கட்டியிருந்தது. மாமனார் முகம் மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷமாக மூத்தவள் தண்ணீர் கட்டிய வயலைப் பார்க்க அவர் ஒரு நாளும் புதுச் சட்டை போட்டதில்லை.

"டீச்சர் கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டார். கிளம்பிவிட்டாள். விவசாயிகளை வேனில் அழைத்துவர விடிந்ததும் விடியாததுமாகப் போயிருந்தாள். தினமும் காலையில் குழாயைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவள் இன்றைக்கு அதற்குக்கூட நிற்கவில்லை.

மூத்தவளின் கணவன் டிராக்டர் சாவியைத் தேடிக்கொண்டே அவன் பங்குக்கு ஒன்று சொன்னான். நம் வீட்டுப் பொண்ணு பேசுவதைக் கேட்க முப்பது பேர் வருகிறார்களாம், சின்னவளுக்கு என்ன மூளை பார்த்தாயா என்று. மூத்தவள் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். முப்பது பேருக்கு டீ போடுகிற வேலை அவளுக்குத்தானே. அதற்கு மூளை வேண்டாமாம், அடுப்பு இருந்தால் போதுமாம்.

"நீயும் வந்து கேளேன்" என்றான் கணவன்.

"எனக்கு வேலை இல்லாம இருக்கா?" என்றாள். குரலில் காரம் தூக்கலாக இருந்தது. அவன் சாவி கிடைத்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் போய்விட்டான். சில ஆண்களுக்கு இந்த விஷயத்தில் ஆயுசு கெட்டி.

பத்து மணிக்கு டீப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு கீழ்வயலுக்குப் போனாள். வரப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து இறங்கியவர்கள் கும்பலாக நின்றார்கள். பாதிப்பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற மீசைக்காரர் முன்வரிசையில் நின்றார். போன பருவம்வரை வாரத்துக்கு இரண்டு தடவை அவளிடம் யோசனை கேட்ட மனுஷன். இன்றைக்கு டீயை வாங்கிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சின்னவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயிற்சி அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அதிகம் பேசாத ஆள், ஆனால் கண் எல்லாவற்றையும் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் ஆட்கள் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஊசியால் உள்ளே இருக்கிற காற்றை இழுத்து எடுப்பார்கள். எந்த வயல் எவ்வளவு வாயு விடுகிறது என்று பிறகு சோதனை செய்து பார்ப்பார்களாம்.

ஒரு பெட்டி கீழ்வயலுக்கு. இன்னொன்று, கேளுங்கள் கூத்தை, பக்கத்தில் இருக்கிற மேல்வயலுக்கு. மூத்தவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கட்டுகிற வயல்.

"இது எப்பவும் தண்ணி நிக்கிற வயல். வாயு இங்கேதான் நிறைய வரும்" என்று சின்னவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மூத்தவளுக்கு அது தெரியும். தெரிந்து என்ன பயன்? முப்பது தலையும் ஒரே நேரத்தில் திரும்பி அவள் வயலைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தனவே! அவள் காலி டம்ளர்களை வேகவேகமாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினாள்.

சின்னவள் நன்றாகவே பேசினாள். எப்போது காயவிடலாம், பூக்கிற நாளில் ஏன் காயவிடக் கூடாது, நடுவில் மழை வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். நடுநடுவே ஜோக் வேறு. தான் சேற்றில் மூன்று தடவை விழுந்த கதையைச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிவிட்டது யார் என்பதையும் சொல்லிவிட்டு மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் டீப் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கதையில் நான் கை கொடுக்க மட்டும்தானா வருகிறேன் என்று நெஞ்சு கொதித்தது.

பிறகு சின்னவள் குழாயருகே குனிந்தாள். "நேத்துக் காலையில பதிமூணு. இன்னைக்குப் பதினஞ்சுக்குப் பக்கத்துல வந்திருக்கும். நீங்களே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அளவுகோலை உள்ளே விட்டாள்.

வெளியே எடுத்தாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள்.

அதிகாரி பக்கத்தில் வந்து தானே குனிந்து பார்த்தார். "ரெண்டு சென்டிமீட்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நோட்டுல பதிமூணுன்னு இருக்கு. தண்ணி எங்கிருந்து வந்தது?"

சபதத்தை மறந்து மூத்தவள் குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மேலே நின்ற தண்ணீரைத்தானே வடித்தோம், மண்ணுக்குள் போன தண்ணீர் குழாய்க்குள் வந்து நின்றுகொண்டு சாட்சி சொல்லும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சின்னவள் சொன்னாள். இவள்தான் பாத்திரம் உருட்டினாள்.

சின்னவள் எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. வயலை ஒரு சுற்று பார்த்தாள், வாய்க்கால் பக்கம் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, "நான்தான் மேடம் திறந்தேன்" என்றாள். "வெடிப்பைப் பார்த்துப் பயந்துட்டேன். எழுதாம விட்டது என் தப்பு."

மூத்தவள் மூச்சை விட்டாள். தப்பித்தோம்! சின்னவள் மாமனாரைத்தான் சந்தேகப்படுகிறாள் போலிருக்கிறது, காய்கிற வயலைப் பார்த்து அவர்தானே தினம் புலம்புவார், ஆளை விட்டுத் திறக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்து, கிழவரைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அந்த நிம்மதி இரண்டு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. அடிப்பாவி, நல்லவள் என்ற பேரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்று அடுத்த எரிச்சல் கிளம்பிவிட்டது. பொறாமை ஒரு தடவை குடிவந்துவிட்டால் இப்படித்தான், எதைப் போட்டாலும் தின்னும்.

அதிகாரி கீழ்வயல் பெட்டியை எடுக்கச் சொல்லிக் கையசைத்தார். நனைந்த வயலில் காற்றை அளந்து புண்ணியமில்லை. முப்பது பேர் கூட்டம் சலசலத்தது.

மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "டீச்சரே பயந்து திறந்துட்டாங்க. அப்புறம் நாங்க எந்த தைரியத்துல காயவிடறது? பயிர் போச்சுன்னா இவங்களா வந்து தருவாங்க?"

ஆமாம், ஆமாம் என்று நாலைந்து குரல்கள். பின்வரிசையில் இரண்டு பேர் வேனைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சின்னவள் நோட்டை மூடினாள். மூன்று மாதப் படிப்பும் ஒன்பது நாள் காவலும் அந்த வரப்பில் கரைந்துகொண்டிருந்தன.

"மந்திரியைக் கேளுங்கப்பா" என்றார் மாமனார். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் கையை மட்டும் நீட்டினார். "அவளுக்குத் தெரியாத தண்ணியா? நீ சொல்லும்மா, காயவிட்டா பயிர் போயிடுமா?"

முப்பது தலையும் இப்போது அவள் பக்கம் திரும்பின. எத்தனை நாளாயிற்று இப்படித் திரும்பி! 'போயிடும்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீழ்வயல், குழாய், தொப்பி, பை எல்லாம் அத்தோடு முடிந்தது. நாளைக் காலையில் வாசலில் "மந்திரி இருக்காங்களா?" என்று பழையபடி குரல் கேட்கும்.

அவள் வாய் திறந்தது. ஆனால் நேற்றுப் பார்த்த பச்சை கண் முன்னால் வந்து நின்றது. மனுஷர்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள். கணவனிடம், மாமனாரிடம், நேற்று முழுக்கத் தன்னிடமே சொல்லியிருக்கிறாள். பயிர் விஷயத்தில் சொன்னதில்லை. சொன்னால் பதினெட்டு வருஷ மந்திரி பதவிக்கு அர்த்தமே இல்லை.

"போகாது" என்றாள். "காயறது வேற, காய்ஞ்சு போறது வேற. வெடிப்புக்குள்ள விரல் நுழையாத வரைக்கும் பயிருக்கு ஒண்ணும் ஆகாது. நேத்துக்கூட வந்து பார்த்தேன், நல்லாத்தான் நின்னுது."

சொன்ன பிறகுதான் 'நேத்து' என்ற வார்த்தை நாக்கைச் சுட்டது. நல்லவேளை, யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதிகாரி வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். குழாய் இல்லாமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"கால் சொல்லும்" என்றாள் மூத்தவள்.

யாரோ சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீப் பாத்திரத்தை மாமனார் காலடியில் வைத்துவிட்டு, மீசைக்காரர் வயலைக் காட்டினாள். அங்கேயும் பயிற்சிக் கூடம் ஒரு குழாய் புதைத்திருந்தது. மீசைக்காரர் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை; களை எடுக்க மடையை அடைத்தவர் மறுபடி திறக்காமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். கூட்டம் வாய்க்காலின் மேல் போட்டிருந்த நடைப்பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று.

மூத்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். ஐந்தாறு எட்டு நடந்தாள். உடம்பு பாரம் முழுவதையும் வலது குதிகாலில் போட்டு அழுத்தி, மெதுவாகக் காலை எடுத்தாள். குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள். குழியின் விளிம்பு சரியாமல் நின்றது. அடியில் குளிர்ச்சி இருந்தது, பளபளப்பு இல்லை. மனசுக்குள் இருபது எண்ணினாள். ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை.

"எட்டு விரல்" என்றாள். தன் கைவிரல்களை அடுக்கிக் காட்டினாள். "தண்ணி எட்டு விரல் கீழே நிக்குது. இன்னைக்குச் சாயங்காலம் மடை திறக்கலாம். விளிம்பு சரிஞ்சா நாலு விரல். ஊறி மினுமினுத்தா ரெண்டு விரல். காலைப் போட்டதும் சப்புன்னு சத்தம் வந்தா திறக்கவே வேண்டாம்."

அதிகாரி பூட்ஸோடு இறங்கி, அந்த வயல் குழாய்க்குள் அளவுகோலை விட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முதல்தடவையாக ஒரு சிரிப்பு இருந்தது. பதினைந்து சென்டிமீட்டர், பிசகாமல்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! வேனை நோக்கிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மீசைக்காரர் செருப்பைக் கழற்றினார். பத்துப் பதினைந்து குதிகால்கள் வயலுக்குள் இறங்கின. ஒருவர் அழுத்த, இன்னொருவர் எண்ண, மூன்றாவது ஆள் குழாயைப் பார்த்துச் சரி தவறு சொல்ல, வயல் பள்ளிக்கூடமாகிவிட்டது. மூத்தவள் நடுவில் நின்றுகொண்டு, அழுத்துறது போதாது, உங்க எடை என் எடையில்லை, ரெண்டு நாள் பழகினா உங்க காலே உங்களுக்குச் சொல்லும் என்று ஆளுக்கு ஒரு திருத்தம் சொன்னாள். இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாகத் தன் பேச்சைக் கேட்டு அவளுக்கு நினைவில்லை. பூரித்துப் போனாள்.

சின்னவள் கரையில் நின்று அத்தனை பேர் சொன்னதையும் நோட்டில் எழுதினாள்.

கிளம்பும்போது அதிகாரி மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பத்து வயலுக்கு ஒரு குழாய்தான் தங்களால் கொடுக்க முடியும், குதிகால் எல்லோரிடமும் இருக்கிறது என்றார். விவசாயிகள் நம்புகிற ஆள்தான் பயிற்சியாளராக வரவேண்டும் என்றார். பிறகு மூத்தவளைப் பார்த்து, "திங்கக்கிழமை வந்து சேர முடியுமா?" என்று கேட்டார்.

சின்னவளிடமும் இரண்டு வார்த்தை சொன்னார். அடுத்த பருவம் பார்க்கலாம், அதுவரை நோட்டு எழுத இவங்களுக்குக் கத்துக் கொடுங்க என்று. சின்னவள் தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

*

பொழுது சாய்கிற நேரம். மூத்தவள் பின்கட்டில் சேறு படிந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேறு எப்போதோ போய்விட்டது. அவள்தான் இன்னும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. கணவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். குதிக்க வேண்டிய மனசு ஏன் இப்படிக் கல்லாகக் கிடக்கிறது என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. சொல்லிவிடலாம். 'மடையைத் திறந்தது நான்தான்' என்று சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். பதவியும் சேர்ந்தே இறங்கிவிடும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சின்னவள் படிவத்தோடு வந்தாள். சமையல் மேடையில் விரித்து வைத்து, கேட்டுக் கேட்டு அவளே நிரப்பினாள். வயசு, படிப்பு, எத்தனை வருஷ அனுபவம். அந்த இடத்தில் பதினெட்டு என்று அழுத்தி எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் காட்டினாள்.

மூத்தவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"டீச்சர்!" என்று கூடத்திலிருந்து மாமனார் குரல் கேட்டது.

"இதோ வரேன் மாமா" என்று சின்னவள் பழக்கதோஷத்தில் திரும்பினாள்.

"உன்னை இல்லம்மா" என்றார் மாமனார் சிரித்துக்கொண்டே. "பெரியவளைக் கூப்பிட்டேன். இனிமே அவதானே டீச்சர்!"

சின்னவள் திரும்பியபடியே அசையாமல் நின்றாள். காலையிலிருந்து கட்டிக் காத்த சிரிப்பு அந்த ஒரு சொல்லில் உதிர்ந்துவிட்டது. மூத்தவளுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

சின்னவள் தன் பையைத் திறந்து எதையோ எடுத்தாள். படிவத்தின் மேல் வைத்தாள். சாக்குக் கிழிசல். இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து இழுத்த முடிச்சு. அதை அவிழ்க்காமல், மடைப்பலகையிலிருந்து கத்தியால் அறுத்து எடுத்து வந்திருந்தாள்.

"இந்த முடிச்சு இந்த வீட்ல வேற யாருக்கும் வராதுக்கா. நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, எனக்குத்தான் கடைசி வரைக்கும் வரவே இல்ல" என்றாள்.

மூத்தவள் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ... அங்கேயே பார்த்துட்டியா? பார்த்துட்டா நான்தான்னு சொன்னே?"

"வீட்டுக்குள்ள ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கிட்டோம்னு தெரிஞ்சா அந்த முப்பது பேரும் நம்ம வயலை எந்த ஜென்மத்துலயும் நம்பமாட்டாங்க. அதுக்காகச் சொன்னேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க."

"பெரியவளே, டீ கிடைக்குமா?" என்று மாமனார் மறுபடியும் கூப்பிட்டார்.

சின்னவள் சாக்குக் கிழிசலை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். படிவத்தை மட்டும் மேடையிலேயே விட்டாள். வாசற்படிவரை போனவள் நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. மூத்தவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு பார்வை இருந்தது. இந்தப் பருவம் முழுக்க டீச்சரின் முதுகை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அதே பார்வை.

"வயிறு எரியுதுக்கா" என்றாள் சின்னவள், மெதுவாக. "நிஜமாவே எரியுது. இதை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படி எனக்குச் சோறு போட்டீங்க?"